பனிமலையில் மரப் புதிர்: ஸ்க்ரோல் சா பிடிக்கத் தொடங்குவோருக்கு

ஊட்டியிலோ கொடைக்கானலிலோ மரத்தில் ஜிக்சா புதிர் அறுக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த மெஷின் வாங்கலாம்?" என்றுதான். வளைவுகளை அறுக்கும் இந்த ஸ்க்ரோல் சா மெஷின் இரண்டாம்பட்சம். மலையில் இந்த வேலையைக் கெடுப்பவை ஈரமும் குளிரும். சமவெளியில் படத்தை ஒட்டிக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம். இங்கே நாள் பார்க்காமல் அப்படிச் செய்தால் விடிந்து பார்க்கும்போது படம் அப்பளம் மாதிரி உப்பி நிற்கும்.

ஆகவே வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒட்டுவதும் பாலிஷ் அடிப்பதும் வெயில் நாளில், அறுப்பது மழை நாளில். ஊட்டி, கூடலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை விடாது. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் அக்டோபர், நவம்பரில்தான் அதிகம் பிடிக்கும். ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் நான்கைந்து படங்களை ஒட்டிக் காயவைத்து அடுக்கிவிட்டால் மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து அறுக்கலாம்.

மெஷினும் பிளேடும்

ஸ்க்ரோல் சாவில் பிளேடு நின்ற இடத்திலேயே மேலும் கீழும் ஆடும். மரத்தைத்தான் நாம் நகர்த்துகிறோம். 16 அங்குல மெஷின் என்றால் பிளேடுக்கும் அதன் பின்னால் உள்ள தூணுக்கும் நடுவே 16 அங்குலம், அதாவது 406 மி.மீ. இடம் உண்டு என்று பொருள். புதியவருக்கு இது தாராளம். வாங்கும்போது இரண்டைப் பாருங்கள். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், முனையில் 'பின்' என்னும் குறுக்குக் கம்பி இல்லாத பிளேடு மாட்ட முடிய வேண்டும். விலை குறைந்த சில மெஷின்களில் இரு முனையிலும் குறுக்குக் கம்பி வைத்த பிளேடு மட்டுமே பொருந்தும். அந்தப் பிளேடு தடிமனானது, துண்டுகளைக் கோக்கும் குமிழுக்குள் (கழுத்து குறுகித் தலை பருத்த நீட்சி அது) திரும்பவே திரும்பாது.

பிளேடு எண் 2/0. நீளம் 5 அங்குலம், தடிமன் ஏறக்குறைய கால் மி.மீ., அகலம் அரை மி.மீ.க்குச் சற்று மேல். நகை ஆசாரிகளின் 2/0 வாளும் இதே நீளம்தான், மெஷினில் உட்காரவும் செய்யும். ஆனால் அது உலோகத்துக்கான பல். மரத்தூள் பல்லிடுக்கில் அடைத்துக்கொண்டு பலகையைக் கருக்கும். 3 மி.மீ. பலகையில் கை பழக அது போதும், 6 மி.மீ.க்கு மரத்துக்கென்று வரும் பிளேடே வேண்டும். டஜன் கணக்கில் வாங்குங்கள். ஒரு சிறிய புதிருக்கே இரண்டு மூன்று தீரும்.

பல் கீழ்நோக்கி இருக்க வேண்டும். இவ்வளவு சன்னமான பிளேடில் கண்ணுக்குத் தெரியாது; விரலை மேல்நோக்கி மெல்ல வருடினால் சொரசொரப்பு தட்டும், கீழ்நோக்கி வருடினால் வழுக்கும். அடிப்பக்கம் சில பற்கள் மட்டும் மேல்நோக்கி இருக்கும் பிளேடுகளும் உண்டு. அவை பலகையின் அடியில் சிலாம்பு எழாமல் காக்கும். ஆனால் உயர்த்தி மாட்டிவிட்டால் அந்தத் தலைகீழ்ப் பற்கள் மேலே வந்து படத்தாளைப் பிய்த்துவிடும். புதியவர்கள் சாதாரணப் பல்லோடு தொடங்குவதே நல்லது.

புதுப் பிளேடில் துரு பிடிக்காமலிருக்க எண்ணெய் தடவியிருப்பார்கள். அதோடு மாட்டினால் பிடியிலிருந்து வழுக்கி வெளியே வரும். மெஷினைக் குறை சொல்லிப் பயனில்லை. இரு முனையையும் உப்புத்தாளில் ஒரு முறை தேய்த்துவிட்டு மாட்டுங்கள். பிறகு விறைப்பு. நகத்தால் பிளேடைச் சுண்டினால் தம்பூராத் தந்தி போலக் கணீரென்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டால் இன்னும் முறுக்க வேண்டும். தொளதொளத்த பிளேடு வளைந்துகொடுத்து அறுக்கும், துண்டின் மேற்பக்கம் ஒரு வடிவமும் அடிப்பக்கம் வேறு வடிவமுமாக வரும்.

மெஷினின் மேசைத்தட்டும் பிளேடும் 90 பாகையில் நிற்கின்றனவா என்பதைச் சிறு மூலைமட்டத்தால் பாருங்கள். மட்டம் பெரிதாக இருந்தால் இடிக்கும். அப்போது 20 மி.மீ. தடிமனுள்ள மரத்துண்டில் ஒரு சிறு கீறல் அறுத்து, துண்டைத் திருப்பி அந்தக் கீறலைப் பிளேடின் முதுகுப்பக்கம் கொண்டுவாருங்கள். பிளேடு கீறலுக்குள் தடையின்றி நுழைந்தால் நேராக இருக்கிறது. சாய்வாக இருந்தால் புதிர்த் துண்டுகள் ஒரு பக்கமாக மட்டுமே கழலும், மறுபக்கம் தூக்கினால் சிக்கும்.

மேசைத்தட்டின் நடு ஓட்டை பெரியது. கடைசியில் அறுபடும் சின்னத் துண்டு அதன் வழியே விழுந்து தூளோடு போய்விடும். காலாவதியான ஏடிஎம் கார்டில் 1 மி.மீ. துளை போட்டு, பிளேடு அதன் வழியே வருமாறு தட்டின் மேல் டேப்பால் ஒட்டிவிட்டால் தீர்ந்தது.

மலைக்கே உரிய இரண்டு விஷயங்கள். வார்ப்பிரும்புத் தட்டு பனியில் ஒரே வாரத்தில் துரு கட்டும்; மெழுகுவத்தியைத் தேய்த்துத் துணியால் பளபளக்கத் துடைத்து வையுங்கள், மரமும் வழுக்கிக்கொண்டு நகரும். எண்ணெய் போட வேண்டிய இடங்களில் தையல் மெஷின் எண்ணெய் போடுங்கள். தேங்காய் எண்ணெய் இங்கே பாதி வருடம் பாட்டிலிலேயே உறைந்து கிடக்கும், பேரிங்கில் மட்டும் எப்படி ஓடும்?

ஸ்வெட்டர் கைகளை முழங்கைக்கு மேல் ஏற்றிவிடுங்கள். மஃப்ளர், சால்வை, துப்பட்டா எதுவும் தொங்கக் கூடாது. எவ்வளவு குளிர்ந்தாலும் கையுறை வேண்டாம், நூல் சிக்கினால் விரலையும் சேர்த்து இழுக்கும். கண்ணாடியும் என்95 முகக்கவசமும் கட்டாயம். பிளைவுட் தூளில் மரம் மட்டுமல்ல, பசையும் கலந்திருக்கிறது. குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு அறுக்காதீர்கள். காற்றுமழையில் மரம் விழுந்து கரண்ட் போனால் முதல் காரியமாக மெஷின் சுவிட்சை அணையுங்கள். பிளேடை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் திரும்பி வரும்.

பலகை

தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கை வெட்டும்போது அழகான பலகை கிடைக்கும், அதில் அறுக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். முழுமரத்தில் நார் ஒரே திசையில் ஓடுகிறது. நாரோடு நீளும் குமிழ் தாங்கும். நாருக்குக் குறுக்கே நிற்கும் குமிழின் கழுத்தில் 4 மி.மீ. நீளத்துக்குத்தான் நார் இருக்கும்; இரண்டாம் முறை கோக்கும்போதே மளுக்கென்று முறியும். பிளைவுட்டில் அடுக்குக்கு அடுக்கு நார் குறுக்காக ஓடுவதால் எந்தத் திசையிலும் கழுத்துக்குப் பலம் உண்டு. தோட்ட மரத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது: மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் 1955-இலிருந்து நடப்பில் உள்ளது, சொந்த நிலத்து மரமானாலும் அனுமதி வாங்கித்தான் வெட்ட வேண்டும். கடையில் பில்லோடு வாங்குவது நிம்மதி.

பிளைவுட் 6 மி.மீ., ஐந்து அடுக்கு, பிர்ச் மரத்தில் கிடைத்தால் பிர்ச், இல்லாவிட்டால் ஐஎஸ் 710 முத்திரையுள்ள மரைன் பிளைவுட். பக்கவாட்டு விளிம்பைப் பார்த்து வாங்குங்கள். நடு அடுக்கில் கறுப்புப் பொந்து தெரிந்தால் உள்ளேயும் இருக்கும், குமிழின் கழுத்து சரியாக அந்தப் பொந்தின் மேல் வந்து உட்காரும். மரநாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகை அறுக்க வெண்ணெய் போல இருக்கும். ஒரு மழைக்காலம் பட்டால் விளிம்பு ஊதிப் புதிர் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும்.

கோவையிலிருந்தோ மேட்டுப்பாளையத்திலிருந்தோ ஏற்றி வந்த பலகையை வந்த அன்றே தொடாதீர்கள். கீழ்நாட்டு வெயிலில் காய்ந்த மரம் மலைக்காற்றில் ஈரம் குடிக்கும். வேலை செய்யும் அறையிலேயே, நடுவே குச்சிகள் வைத்து, ஒரு வாரம் படுக்கையாக அடுக்கி வையுங்கள். கணப்பின் பக்கத்தில் வைத்து அவசரப்படுத்தினால் முறுக்கிக்கொள்ளும்.

படம் ஒட்டுதல்

முதல் புதிருக்கு 200 × 150 மி.மீ. போதும். மூடுபனி கவிந்த பள்ளத்தாக்கும் வரிவரியான தேயிலைத் தோட்டமும் கண்ணுக்கு அழகு. ஆனால் அறுத்தபின் பாதித் துண்டுகள் ஒரே வெள்ளை, மீதி ஒரே பச்சை; சேர்ப்பவர் உங்களைத் திட்டுவார். நீலமும் கிரீமும் கலந்த மலை ரயில் பெட்டி, ஊதா பூத்த குறிஞ்சிச் சரிவில் நிற்கும் வரையாடு என்று நிறமும் விளிம்பும் தெளிவாகப் பிரியும் படமாக எடுங்கள்.

இந்த அளவில் 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற தரத்துக்குப் படம் 2362 × 1772 புள்ளிகள் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்பி அச்சுக்கடையில் கொடுங்கள். லேசர் அச்சு, மேட் தாள், 170 ஜிஎஸ்எம் கனம். சுற்றிலும் 5 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும். இன்க்ஜெட் அச்சானால் ஓரத்தில் ஈரவிரலை வைத்துப் பாருங்கள். சாயம் கரைந்தால் வெள்ளைக் கோந்துக்கு அது ஆகாது.

பலகையின் இரு முகத்தையும் 220 எண் உப்புத்தாளில் தேய்த்துத் தூசியைத் துடைத்தெடுங்கள். ஃபெவிகால் மாதிரி வெள்ளைக் கோந்து எடுங்கள், இந்த அளவுக்கு ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகவே தேவைப்படும். தாளில் தடவாமல் மரத்தில் ஊற்றி, சிறு ரப்பர் உருளையால் மரத்தின் ரேகை மங்கலாகத் தெரியும் அளவுக்கு இழுத்துப் பரப்புங்கள். வெள்ளையாகத் தேங்கி நின்றால் அதிகம். தாளின் ஒரு விளிம்பை முதலில் பொருத்தி, மீதியைச் சுருளிலிருந்து விடுவிப்பதுபோல இறக்கி, மேலே பட்டர் பேப்பர் விரித்து நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவுங்கள். கொப்புளம் ஒன்று தட்டுப்பட்டாலும் அப்போதே ஓரத்துக்குத் தள்ளிவிட வேண்டும். பிறகு இரண்டு தட்டையான பலகைகளுக்கு நடுவே வைத்து, ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன் இரண்டை ஏற்றி ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள்.

டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் ஊர்களில் இன்னொரு எச்சரிக்கை. வெள்ளைக் கோந்து காயும்போது ஓரளவு வெதுவெதுப்பு இல்லாவிட்டால் அது படலமாகச் சேராது. சுண்ணாம்புப் பொடி போல வெளுத்து உதிரும். மேலுக்கு ஒட்டியதுபோல் இருக்கும், பிளேடு பட்டதும் தாள் தனியாக எழும். காலை பத்து மணிக்குப் பிறகு, வெயில் படும் அறையில் ஒட்டுங்கள். பாட்டிலை வெந்நீரில் வைத்துக் கோந்தைச் சூடாக்கினால் மட்டும் போதாது, பலகையும் சில்லென்று இருக்கக் கூடாது. ஒட்டிய பலகையை இரவில் சமையலறையில் வைப்பது உத்தமம்.

படத்தின் மேல் மேட் அக்ரிலிக் ஸ்ப்ரே இரண்டு மெல்லிய கோட். பலகையின் முதுகுக்கும் அரக்கு பாலிஷோ அதே ஸ்ப்ரேயோ கொடுங்கள். ஒரு முகத்தை மட்டும் மூடினால் மறுமுகம் ஈரம் குடித்துப் பலகை கிண்ணமாக வளையும். பனி சூழ்ந்த நாளில் பாலிஷ் அடித்தால் காற்றின் ஈரம் அதில் சிக்கிப் பால் தெளித்தது மாதிரி வெளுக்கும். மலைமுகடு தெளிவாகத் தெரிகிற நாள்தான் பாலிஷ் நாள்.

கை பழகுதல்

படமுள்ள பலகையில் நேரே கை வைக்காதீர்கள். வெறும் பலகைத் துண்டில் முதல் நாள் அலைக்கோடு மட்டும். பிளேடு தானாக வலப்பக்கம் இழுப்பதுபோல் இருக்கும். பிளேடு செய்யப்படும்போது ஒரு பக்கம் பிசிறு நின்றுவிடுவதே காரணம், பலகையைச் சற்றுக் கோணலாகப் பிடித்து நகர்த்தினால் சரியாகும்.

அடுத்துக் குமிழ் இல்லாத ஒரு வேலை: நீலகிரி மாவட்டப் படத்தை ஒட்டி, உதகை, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் என்று ஆறு வட்டங்களையும் எல்லைக்கோட்டில் அறுங்கள். இந்தக் கலை பிறந்ததே அப்படித்தான். லண்டனில் 1760-களில் ஜான் ஸ்பில்ஸ்பரி தேசப்படங்களை மஹோகனிப் பலகையில் ஒட்டி எல்லைவாரியாக அறுத்து, பிள்ளைகளுக்குப் பூகோளம் சொல்லிக்கொடுக்க விற்றார். ஆறே துண்டுதான், ஆனால் கோட்டை விட்டு விலகாமல் போகக் கை பழகிவிடும்.

இப்போது குமிழ். தலை 7 மி.மீ., கழுத்து 4 மி.மீ., ஆழம் 7 மி.மீ. கழுத்து 3 மி.மீ.க்குக் கீழே போனால் முறியும், தலையளவுக்கு அகன்றால் பிடிக்காது. வேகம் நிமிடத்துக்கு 800 ஆட்டம் அளவில் வையுங்கள்.

ஒரே ஒரு குமிழை மெதுவாகப் பார்ப்போம். இரு கை விரல்களும் பிளேடின் இரு பக்கமும் பலகையைத் தட்டோடு அழுத்துகின்றன, ஒரு விரலும் பிளேடுக்கு நேர் எதிரே இல்லை. கோட்டில் வந்து கழுத்தை எட்டியதும் தள்ளுவதை நிறுத்துங்கள், மெஷின் ஓடட்டும். இனி பலகை முன்னே போகாது, பிளேடை அச்சாக வைத்துச் சுழல மட்டும் செய்யும். கழுத்தின் உட்பக்கம் திரும்பியதும் துளி முன்னே. தலையின் வளைவில் சுழற்றலும் தள்ளலும் சேர்ந்தே, சப்பாத்தி தேய்க்கும்போது மாவு தானாகச் சுற்றுமே, அந்த ஓட்டத்தில். தலையைச் சுற்றி வந்து மறுகழுத்தில் மீண்டும் நிறுத்தம், சுழற்சி, வெளியேற்றம். புதியவர்கள் தவறுவது முதல் கழுத்தில்தான். திரும்பி முடிப்பதற்குள் தள்ளிவிடுவார்கள். பிளேடு பக்கவாட்டில் வளையும், "டிங்" என்று அறும். அறாவிட்டால் இன்னும் மோசம், கழுத்து சாய்வாக அறுபட்டுத் துண்டு ஒரு பக்கம் இறுகிப்போகும். இருபது குமிழ் வரிசையாக அறுத்துப் பாருங்கள். இருபதும் பக்கவாட்டில் இழுத்தால் வராமல், மேலிருந்தோ கீழிருந்தோ அழுத்தினால் கழலுமானால் படத்துக்குப் போகலாம்.

48 துண்டு

200 × 150-ஐ 25 மி.மீ. கட்டமாகப் பிரித்தால் 8 × 6, மொத்தம் 48 துண்டு, 82 குமிழ். முதலில் நீளவாட்டில் ஐந்து வெட்டு, ஆறு பட்டைகள் வரும். பிறகு ஒவ்வொரு பட்டையையும் ஏழு வெட்டில் எட்டாக்குங்கள். படத்தின் மேல் பென்சில் படக் கூடாது. ஓரத்தில் மாஸ்க்கிங் டேப் ஒட்டி 25 மி.மீ.க்கு ஒரு புள்ளி வையுங்கள், அது போதும். கணினியில் வரைந்த கோட்டைப் பின்பற்றுவதைவிடக் கண்ணளவில் போகும் கோடுதான் மரப் புதிருக்கு அழகு. ஒவ்வொரு துண்டும் வேறாக இருந்தால்தான் தப்பான துண்டு தப்பான இடத்தில் உட்காராது.

சிக்கல் வருவது குறுக்கு வெட்டில். பட்டையின் இரு ஓரத்திலும் ஏற்கெனவே குமிழ்கள் நிற்கும். குறுக்கு வெட்டு இரண்டு குமிழுக்கு நடுவே உள்ள சமதளத்தில் தொடங்கி, எதிர்ப்பக்கமும் அதுபோல இரண்டு குமிழுக்கு நடுவே முடிய வேண்டும். குமிழின் தோளில் இறங்கினால் அரிசிமணி அளவு சில்லு ஒன்று பறந்து படத்தில் ஓட்டை நிற்கும். இன்னொன்று: ஒரு துண்டுக்குள் மேலிருந்தும் கீழிருந்தும் குமிழ் நுழைந்திருந்தால் இடமும் வலமும் வெளியே நீட்டுங்கள். நான்கு பக்கமும் உள்வாங்கினால் நடுவில் மிஞ்சும் மரம் விரல் பட்டாலே உடையும்.

கருகல் வாசனை வந்தாலோ, தள்ள வலு தேவைப்பட்டாலோ பிளேடு மழுங்கிவிட்டது, மாற்றுங்கள். பலகையின் அடியில் பேக்கிங் டேப் ஒட்டி அறுத்தால் பிளேடு குளிர்ச்சியாக ஓடும், சிலாம்பும் குறையும். அறுத்த துண்டை அப்போதைக்கப்போது தனியாக ஒரு தட்டில் அதே வரிசையில் சேர்த்துவிடுங்கள். எட்டுத் துண்டுக்கு ஒரு முறை எழுந்து கையை உதறி, தேநீர் குடித்துவிட்டு வரலாம். முதல் புதிருக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், அவசரமில்லை.

கை தேறியபின் நடுவே நான்கைந்து உருவத் துண்டுகள் வைக்கலாம்: வரையாடு, ரயில் எஞ்சின், கொடைக்கானலின் நட்சத்திர ஏரி. அவற்றை முதலில் அறுத்தெடுத்து, சுற்றியுள்ள மரத்தைப் பிறகு துண்டாக்க வேண்டும். வரையாட்டின் கொம்பும் காலும் 4 மி.மீ.க்குக் குறையக் கூடாது; உண்மை ஆட்டைவிடக் கால் தடித்துத்தான் நிற்கும், பரவாயில்லை.

எல்லாம் அறுத்து முடித்ததும் டேப்பை உரித்துவிட்டு, சேர்த்த புதிரின் மேல் ஒரு பலகையை வைத்து இரண்டையும் சேர்த்துக் கவிழ்த்து, முதுகை 320 எண் உப்புத்தாளில் மெல்லத் தேய்த்தால் பிசிறு போய்விடும். தேய்த்த முதுகுக்கு இன்னொரு மெல்லிய கோட் கொடுங்கள். காய்ந்தபின் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். நல்ல வெட்டானால் முழுப் படமும் கூடவே எழும். நடுவில் கழன்றால் பிளேடு தடிமன், அல்லது குமிழின் தலையும் கழுத்தும் ஒரே அகலம். மழைக்காலத்தில் திடீரென இறுகினால் அடித்துக் கழற்றாதீர்கள். இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு இரண்டு மூன்று நாள் வைத்தால் இளகும்.

மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இந்த அளவுத் துண்டுகளைக் கொடுக்க வேண்டாம், விழுங்கிவிடும். பிள்ளைகளுக்கென்று விற்கும் எண்ணம் வந்தால், 14 வயதுக்குட்பட்டோரின் பொம்மைகளுக்கு 2021 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்பதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். பொட்டலத்துக்குப் பிளாஸ்டிக் உறை மலையில் ஆகாது. அட்டைப்பெட்டியோ சுருக்கு வைத்த மஞ்சப்பையோ போதும்.

துண்டு ஒன்று என்றாவது ஒரு நாள் சோபாவுக்கு அடியில் காணாமல் போகும். அதற்காக ஒரே படத்தை இரண்டு பிரதி அச்சடித்து, அதே பலகையின் மிச்சத்தோடு பெட்டியின் அடியில் போட்டு வையுங்கள். தேவைப்படும்போது காலியிடத்தைச் சுற்றியுள்ள எட்டுத் துண்டுகளைச் சேர்த்து, அவற்றுக்கு அடியில் மெல்லிய தாள் வைத்து, கூரிய பென்சிலால் ஓட்டையின் வடிவத்தை எடுங்கள். படப்பிரதியில் அந்த இடத்தைப் பார்த்து வெட்டி மிச்சப் பலகையில் ஒட்டி, தாளில் எடுத்த வடிவத்தை அதன் மேல் வைத்துக் கோட்டுக்கு ஒரு மயிரிழை வெளியே அறுத்து, ஊசி அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக ராவிப் பொருத்துங்கள்.